ரெண்டு தோசை சாப்பிட்டுட்டுத்தான் போனார்

மூணு மணி நேரத்துக்கு யாரும் என்கிட்ட எதையும் கேட்க முடியாது. ப்ளஸ் டூ பொதுத் தேர்வுல அறைக் கண்காணிப்புன்னா மத்த டீச்சருங்க முகம் சுளிப்பாங்க. போனை வாங்கி வெச்சுக்குவாங்க, புத்தகம் படிக்கக் கூடாது, பேப்பர் திருத்தக் கூடாது, பேசக் கூடாது, சும்மா இருபது தலைகளுக்கு நடுவுல நடந்துக்கிட்டே இருக்கணும். எனக்கு இந்த வருஷம் அதுதான் வேண்டியிருந்துச்சு. நான் விலங்கியல் டீச்சர், உயிரியல் பரீட்சை அன்னிக்கு என்னைப் போட மாட்டாங்க. இன்னிக்கு வணிகவியல், அதுவும் வேற ஊர்ப் பள்ளிக்கூடம், எங்க ஊர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வரணும், இங்க யாருக்கும் என்னைத் தெரியாது. செங்கமலம்னு கையெழுத்துப் போட்டா செங்கமலம், அவ்வளவுதான். ஏழு மாசமா என்னைப் பார்க்கிறவங்க தலையை லேசா ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு, "எப்படிம்மா ஆச்சு"ன்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு பெருமூச்சு விடுவாங்களே, அது இங்க இல்ல. கேள்வித்தாள் குடுத்தாச்சு. பத்தேகால் மணி அடிச்சாச்சு. இருபது பேனாவும் ஒண்ணா இறங்கிடுச்சு. இந்த மூணு மணி நேரத்துல நான் ஒரே ஒரு காரியம் பண்ணப் போறேன். என் வீட்டுக்காரர் கருணாமூர்த்தி கடைசியா வீட்டை விட்டுக் கிளம்பினாரே, அந்தக் காலைப் பத்து நிமிஷத்தை நடந்தது நடந்தபடி ஒரு தடவையாவது பார்த்துடணும். நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியற மாதிரி இல்ல, நடந்தபடி.

ஏன்னா நான் சொல்லிக்கிட்டுத் திரியறது பொய். அவர் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர், எட்டு மணிக்கு பைக்கை எடுப்பார், அன்னிக்கும் எடுத்தார். புறவழிச் சாலை வளைவுல வண்டி தானா சாஞ்சிருக்கு. எதிர்ல எதுவும் வரல. தூங்கி விழற மாதிரி சாஞ்சார்னு டீக்கடைல நின்னவங்க சொன்னாங்க. தலைல அடி. உடம்பு வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே கரூர்ல இருந்து என் மாமியார் கார் பிடிச்சு வந்துட்டாங்க. இறங்கினவங்க அழல. வாசல்ல நின்ன என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "புள்ள சாப்பிட்டுட்டுத்தான போச்சு, செங்கமலம்?" நான் "சாப்பிட்டார் அத்தை"ன்னேன். "என்ன சாப்பிட்டான்?" "தோசை. ரெண்டு தோசை." "ரெண்டுதானா?" "நேரமாச்சுன்னு ரெண்டோட எழுந்துட்டார்." அதுக்கப்புறம்தான் அவங்க அழுதாங்க, அதுவரைக்கும் அழறதுக்குக்கூட அவங்களுக்குத் தெம்பு இல்ல. நான் வேற என்ன சொல்லியிருக்க முடியும்? உங்க புள்ளைக்கு நான் ரெண்டு நாளா முகம் குடுத்துப் பேசல, அன்னிக்கு எனக்கு மட்டும் டப்பால சாதம் கட்டிக்கிட்டேன், மாவு இருந்தும் அவருக்குத் தோசை ஊத்தல, வெறும் வயித்தோடதான் போனார், வளைவுல சாஞ்சது மயக்கத்துலயான்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லவா?

அதோட விட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா எழவு வீட்டுல ஒரு தடவை சொன்னா முடிஞ்சுதா என்ன. வர்ற ஒவ்வொருத்தரும் கட்டிப் பிடிச்சு அழுதுட்டு, மூக்கைத் துடைச்சுட்டு, பக்கத்துல உக்காந்து "எப்படி ஆச்சு, சொல்லு"ன்னு கேப்பாங்க. ஒருத்தருக்குச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த வேன்ல இன்னொரு கூட்டம் இறங்கும், அவங்களுக்கு முதல்ல இருந்து சொல்லணும். முந்தி வந்தவங்க எழுந்து போகாம ரெண்டாந்தடவையும் கேட்டு, நான் விட்ட இடத்துல எடுத்துக் குடுப்பாங்க, "தோசை சாப்பிட்டதைச் சொல்லலியே"ன்னு. பதினாறு நாள். முதல் நாள் வெறும் ரெண்டு தோசைதான். மறுநாள் என் பெரிய நாத்தனார் "என்ன தொட்டுக்கிட்டான்"னு கேட்டதுல தேங்காய்ச் சட்னி வந்துச்சு. நாலாம் நாள், சட்னில உப்பு கம்மின்னு அவர் சொன்னதா சொன்னேன். சொல்ற ஆள்தான் அவர். கேட்டவங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு, "அவன் வாய் அப்படித்தான்"னாங்க, எனக்கும் அவர் ஒரு நிமிஷம் வந்து நடுவுல உக்காந்த மாதிரி இருந்துச்சு, அந்த ஆசைல அதை அப்படியே வெச்சுக்கிட்டேன். ஒன்பதாம் நாளுக்கு அப்புறம் அவர் வாசல்ல திரும்பிப் பார்த்து "சாயங்காலம் சீக்கிரம் வர்றேன்"ன்னார். யார் கேட்டு அது வந்துச்சுன்னே தெரியல. பதினாறாம் நாளுக்குப் படம் மாட்டணும்னு என் தம்பி அவரோட அடையாள அட்டையை எடுத்துக்கிட்டு ஸ்டூடியோவுக்குப் போனான். அவருக்கு டூட்டி உடுப்பு காக்கி, அட்டைலயும் காக்கி. காக்கிக்கு மாலை போட்டா நல்லாருக்காதுன்னு ஸ்டூடியோக்காரர் அவரா கம்ப்யூட்டர்ல ஒரு சந்தனக் கலர் சட்டையை மாட்டிவிட்டிருந்தார். உயிரோட இருக்கற மாதிரியே இருக்குன்னாங்க எல்லாரும். அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்தும் சொன்னேன். என் மக நிறைமதி சுவத்துல சாஞ்சு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தா. அவ அன்னிக்கு ஆறு மணிக்கே டியூஷன் போயி அப்படியே ஸ்கூலுக்குப் போயிட்டா. அவளுக்கு அப்பாவோட கடைசிக் காலைன்னா நான் சொன்னதுதான், அவளுக்கு வேற கிடையாது.

எனக்கும் வேற கிடையாதுன்னு ஆயிட்டதுதான் இப்ப பிரச்னை. போன ஜூன்ல, அவர் இருக்கும்போதே, எங்களுக்கு மாவட்டத்துல பயிற்சி நடந்துச்சு. மூளைப் பாடம் எடுக்க வந்தவர் ஒல்லியான மனுஷர், குரலே எழும்பல. "ஞாபகம்ங்கறது பீரோவுல வெச்ச புடவை இல்ல டீச்சர், எடுத்துப் பார்த்துட்டு அதே மடிப்புல திருப்பி வைக்கறதுக்கு. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் மூளை அதைப் புதுசா கட்டுது. வெளிய எடுக்கும்போது அது இளகுது. திரும்ப இறுகும்போது பக்கத்துல என்ன கிடந்துச்சோ அதையும் சேர்த்துக்கிட்டு இறுகுது"ன்னார். நான் நோட்டுல எழுதிக்கிட்டேன். அன்னிக்கு எனக்குப் பெரிய விஷயம் மதியம் குடுத்த தயிர் சாதம் புளிச்சுப் போனதுதான். மார்கழி நெய்னு ஓரத்துல பென்சில்ல குறிச்சு வெச்சேன், பிள்ளைங்களுக்குச் சொன்னா புரியும்னு. உறைஞ்ச நெய்யைச் சூடு காட்டினா உருகும், கரண்டி போட்டு எடுத்துட்டு வெச்சா வேற மேடு பள்ளத்தோட உறையும். இருநூறு தடவையாவது உருக்கியிருப்பேன் அந்தக் காலையை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் கரண்டியைப் போட்டிருக்காங்க. இப்ப கண்ணை மூடினா அவர் டைனிங் டேபிள்ல உக்காந்து தோசையைப் பிய்க்கறார். நல்லாத் தெரியுது. ஓரம் முறுகல், நடுவுல வெள்ளை. சட்னில கடுகு மிதக்குது. அவர் சாப்பிடலைங்கறது எனக்குத் தெரியும், ஆனா தெரியும், அவ்வளவுதான், பாடப் புத்தகத்துல ஒரு வரி இருக்கற மாதிரி இருக்கு. கண்ணுக்கு ஒண்ணும் வரல. நடந்தது கண்ணுல இல்ல, நடக்காதது சட்னி கடுகோட இருக்கு.

ஜன்னலோரம் மூணாவது பெஞ்சுல ஷர்மிளா பானுன்னு ஒரு பொண்ணு. ஹால் டிக்கெட்ல பேர் பார்த்தேன். கூட்டாண்மையோட இயல்புகள்ல நாலாவதுல மாட்டிக்கிட்டா போல, உதடு அசையுது, விரலை மடக்கறா, ஒண்ணு, ரெண்டு, மூணு, நின்னுடுது. திரும்ப ஒண்ணுல இருந்து வர்றா. மூணைத் தொட்டுட்டு ஓடி வந்தாதான் நாலு எகிறும்னு நினைக்கறா. நானும் அப்படித்தான் மாட்டிக்கிட்டிருக்கேன், என் ஆரம்பம் எப்பவும் "அன்னிக்குக் காலைல எட்டு மணி இருக்கும்"தான், அந்த வாசல் வழியா உள்ள போனா நேரா தோசைக்குத்தான் போகுது. வேற வாசல் வேணும். என் பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேனே, மறந்து போச்சுன்னா பதறாதே, அதைப் படிச்சப்ப எங்க உக்காந்திருந்தே, வலது பக்கமா இடது பக்கமா, பக்கத்துல என்ன படம் இருந்துச்சு, அதை நினை, இது கூடவே வரும்னு. சரி. ஆடி மாசம். புதன்கிழமை. காத்து. பின் கதவு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அதுக்கு முட்டுக் குடுக்கற கல்லை யாரோ நகர்த்திட்டாங்க. நான் அடுப்பைப் பார்த்து நின்னுக்கிட்டிருந்தேன், முதுகைக் காட்டிக்கிட்டு. அவர் எனக்குப் பின்னால ஹால்ல இருந்தார். பின்னால என்ன பண்ணார்? தண்ணி குடிச்சாரா? என்னைப் பார்த்தாரா? முதுகுல கண் இல்லையே. நான் திரும்பிப் பார்க்கவே இல்லையோ என்னவோ. அப்படின்னா தேட ஒண்ணுமே இல்ல. அங்க எதுவும் பதியவே இல்ல.

அப்படி என்ன சண்டைன்னு கேட்டா வெக்கக்கேடு. ஞாயித்துக்கிழமை முசிறில ஒரு காதுகுத்து, பந்தில வெச்சு என் ஸ்கூல் டீச்சருங்க முன்னாடி அவர் வழக்கமான கதையை எடுத்தார். பொண்ணு பார்க்க வந்தப்ப செங்கமலம் கேசரித் தட்டைக் கீழ போட்டுட்டா, அந்த நடுங்கின கையைப் பார்த்துத்தான் இவளைக் கட்டணும்னு முடிவு பண்ணேன்னு. கீழ போட்டது நான் இல்ல, என் தங்கச்சி வேதவல்லி. நான் அப்ப உள்ளறைல தலை பின்னிக்கிட்டிருந்தேன். பத்தொன்பது வருஷமா நானும் சிரிச்சுக்கிட்டு விட்டுட்டேன், அன்னிக்கு என்னமோ சுருக்குன்னு ஆயிடுச்சு. வண்டில வரும்போது, "ஆயிரம் தடவை சொன்னா அது நெசமாயிடுமா? அப்ப நீங்க முடிவு பண்ணது என் தங்கச்சியையா?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சார். "என் ஞாபகத்துல நீதான் போட்டே. உன் கைதான் நடுங்குச்சு. அதைப் போயி மாத்தச் சொன்னா எப்படி?"ன்னார். ரெண்டு நாள் பேசல நான். தினமும் அத்தனை பஸ்ஸோட நேரத்தையும் மனப்பாடமா ஒப்பிக்கற மனுஷன், நம்ம விஷயத்தை மட்டும் ஒழுங்கா வெச்சுக்க மாட்டாரான்னு கோபம். இப்ப அந்தப் பொண்ணு பார்த்த நாளை நினைச்சா தட்டு என் கைல இருந்துதான் விழுது. தரைல கேசரி, முந்திரி சிதறிக் கிடக்கு. நான் குனியறேன். எடுத்துக்கங்க, அது உங்களுதாவே இருக்கட்டும், நான் அதுக்குச் சண்டை போட மாட்டேன், அந்த ஒரு காலையை மட்டும் எனக்குத் திருப்பிக் குடுங்க.

பதினொண்ணே முக்கால் மணி அடிக்குது. ரெண்டு பேர் கூடுதல் தாள் கேட்டாங்க, குடுத்து கையெழுத்துப் போட்டேன். என்கிட்ட நிஜமா ஒண்ணு இருக்கு. யாருக்கும் சொல்லாத ஒண்ணு. சுடுகாட்டுல பால் தெளிச்சு காடாத்து முடிஞ்ச மறுநாள் தண்ணி எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டுல மாவுத் தூக்கு. திங்கட்கிழமை நான் ஆட்டி வெச்ச மாவு, மூடியைத் தூக்கிக்கிட்டு விளிம்பு வரைக்கும் பொங்கியிருந்துச்சு. கரண்டி பட்ட தடமே இல்ல. மேல ஓட்டை ஓட்டையா, ஓரத்துல லேசா மஞ்சள். யாரும் பார்க்கறதுக்குள்ள புழக்கடைச் சாக்கடைல ஊத்தினேன், வழவழன்னு போகாம நின்னுச்சு, ரெண்டு சொம்புத் தண்ணி விட்டேன். அவர் சாப்பிடலைங்கறதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. யார்கிட்டயும் சொல்லாததால அது அப்படியே இருக்கு, அந்தப் புளிச்ச வாடைகூட இருக்கு. குத்தமா இருந்தாலும் அதுதான் எனக்கும் அவருக்கும் நடுவுல மிச்சம் இருக்கற நிஜம். சாப்பிட்டுட்டு, உப்பு கம்மின்னு சொல்லி, திரும்பிப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போனாரே, அந்த மனுஷன் யாருன்னே எனக்குத் தெரியாது, அவரை இருநூறு பேர் சேர்ந்து செஞ்சாங்க. பசியோட போனாரே, அவர்தான் என் வீட்டுக்காரர். போதும், அந்தத் தூக்கை ரொம்ப நேரம் பார்க்காதே, மூடி வை.

அப்ப இப்படிப் பண்ணலாம். நிஜத்தைத் தேட வேண்டாம், பொய்யை எடுத்து வெச்சு உத்துப் பார்க்கலாம், எங்கயாவது தையல் விட்டிருக்கும், அந்த ஓட்டை வழியா அடில இருக்கறது தெரியும். விடைத்தாள் திருத்தும்போது காப்பியடிச்ச பேப்பரை அப்படித்தானே பிடிக்கறோம். தட்டு, எவர்சில்வர், அடில என் அம்மா பேர் வெட்டினது. சரி. தண்ணி டம்ளர் இடது பக்கம். சரி, அவருக்கு இடது பக்கம்தான் வெக்கணும். கை. கட்டை விரல் நகத்துல மை, கையெழுத்துப் போட்டுப் போட்டு ஆனது. மணிக்கட்டு வரைக்கும் சட்டைக் கை, பட்டன் போட்டிருக்கு. முழுக்கைச் சட்டை. எட்டு மணிக்கு அவர் காக்கிலதானே இருக்கணும்? காக்கி அரைக்கை. ஏழு மணிக்கே தேய்ச்சு மாட்டிக்குவாரே. இது என்ன கலர்னு பார்க்கறேன். சந்தனக் கலர். கழுத்து வரைக்கும் பட்டன். நான் நடந்துக்கிட்டே இருந்தவ அப்படியே நின்னுட்டேன். ஸ்டூடியோக்காரர் மாட்டிவிட்ட சட்டை. அவர் பீரோவுல இல்லாத சட்டை. படத்துல மார்பு வரைக்கும்தான் இருக்கு, கைப் பகுதியே கிடையாது, கையைத் தைச்சு, மணிக்கட்டுல பட்டன் வெச்சுக் குடுத்தது என் மூளை. நாங்கதானே பிள்ளைங்களுக்குச் சொல்றோம், தெரியலன்னாலும் இடம் விடாதே, எதையாவது எழுதி வை, வெறும் தாள் குடுக்காதேன்னு. ஷர்மிளா பானு நாலாவதை எழுதிட்டா. எட்டிப் பார்த்தேன். அது கூட்டாண்மையோட இயல்பே இல்ல, வேற எதோட இயல்போ. அழகான கையெழுத்துல நம்பர் போட்டு எழுதியிருக்கா, அவ முகத்துல அவ்வளவு நிம்மதி.

முகத்தைப் பார்க்கறேன். தோசையைப் பிய்க்கற மனுஷன் தட்டைப் பார்க்காம என்னை நேரா பார்க்கறார், அடையாள அட்டைக்குப் பார்க்கற மாதிரி. இந்தக் காலை மட்டும்தான் கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன். வேற நாளுக்கு ஓடினேன். நிறைமதி பொறந்த அன்னிக்கு, ஆஸ்பத்திரி வராண்டா, நர்ஸ் துணில சுத்திக் குடுக்கறா, அவர் ரெண்டு கையையும் நீட்டறார், சந்தனக் கலர் கை. மக மூணாப்பு படிக்கும்போது ராமேஸ்வரம் போனோமே, அக்னி தீர்த்தத்துல முங்கி எழுந்தாரே, வெறும் உடம்போட எழுந்திருக்கணும், கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு எழுந்து என்னை நேரா பார்க்கறார். கல்யாணத்தன்னிக்கு? வேண்டாம். வேண்டாம், அங்க போகாதே, அதையாவது விட்டு வை. தினமும் காலைல விளக்கேத்தும்போது அந்தப் படத்தைத்தானே பார்க்கறேன், ஏழு மாசமா அதைத்தானே பார்க்கறேன். பத்தொன்பது வருஷம் பார்த்த முகத்தை ஏழு மாசப் படம் தின்னுடுமா? தின்னுட்டிருக்கு. கோபமா இருந்தா அவர் மூக்கு எப்படி விடைக்கும்னு என்னால வார்த்தையாத்தான் சொல்ல முடியுது. எனக்குப் பயமா இருக்கு. அவர் செத்ததுக்கு இப்படி நான் பயந்ததில்ல. கரும்பலகையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், முன் பெஞ்சுப் பையன் நிமிர்ந்து பார்த்துட்டுக் குனிஞ்சுக்கிட்டான்.

ஒண்ணேகால். கடைசி மணி. இருபது தாளையும் வாங்கி, வரிசைப்படி அடுக்கி, அலுவலக அறைக்கு எடுத்துட்டுப் போனேன். கட்டுக் கட்டற வரைக்கும் எல்லாரும் காத்திருக்கணும். பக்கத்து நாற்காலில சகாயமேரின்னு ஒரு டீச்சர், அடுத்த அறையைப் பார்த்தவங்க, பெரிய பொட்டலம் பிரிச்சு வேர்க்கடலை குடுத்தாங்க. நல்ல முகம். எந்த ஸ்கூல், எத்தனை வருஷம்னு பேச்சு போச்சு. "சார் என்ன பண்றார்?"ன்னாங்க. "தவறிட்டார். ஏழு மாசம் ஆச்சு." அவங்க கடலையை மடில வெச்சுட்டு என் கையைப் பிடிச்சாங்க. தலை லேசா ஒரு பக்கமா சாஞ்சுது. "ஐயோ. எப்படி டீச்சர்?" இதுதான் நேரம்னு தோணுச்சு. முன்னப் பின்னத் தெரியாதவங்க, இனிமே பார்க்கப் போறதில்ல, இவங்ககிட்ட நிஜத்தைச் சொல்லிடு, சாப்பிடாமத்தான் போனார்னு ஒரே ஒரு தடவை வாய் விட்டுச் சொல்லு, சொன்னது எல்லாம் கண்ணுக்கு வருதுன்னா இதுவும் வரட்டுமே. வாயைத் திறந்தேன்.

"அன்னிக்குக் காலைல எட்டு மணி இருக்கும் டீச்சர்"ன்னு வந்துச்சு. அப்புறம் நான் பேச வேண்டிய அவசியமே இல்ல, அதுவாப் போச்சு, பின் கதவு அடிச்சுது, அவர் உக்காந்தார், சட்னில உப்பு கம்மின்னார். வளைவு வரைக்கும் சொல்லி முடிச்சேன். சகாயமேரி டீச்சர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "வயித்துக்குச் சாப்பிட்டுட்டாவது போனாரே. அந்த மட்டும் உங்க மனசுக்கு ஆறுதல்"னாங்க. "ஆமா டீச்சர். ரெண்டு தோசை. மாவு இருக்கு, இன்னொண்ணு ஊத்தறேன்னேன், போதும்னு தட்டு மேல கையை வெச்சு மூடிட்டார்"னேன். அது புதுசு. அந்த மூணாவது தோசை இன்னிக்குக் காலை வரைக்கும் இல்ல. சொல்லி வாய் மூடறதுக்குள்ள தட்டு மேல அந்தக் கை வந்து உக்காந்துச்சு, மணிக்கட்டுல பட்டனோட. துறை அலுவலர் என் பேரைக் கூப்பிட்டார், கட்டுல கையெழுத்துப் போடணும். பேனாவைக் கைல வெச்சுக்கிட்டு நான் மனசுக்குள்ள ஓடிப் போயி ஃப்ரிட்ஜைத் திறந்தேன், கீழ்த்தட்டுல இருந்து தூக்கை எடுத்தேன், மூடியைத் திறந்து பார்த்தேன். மாவு பாதிதான் இருக்கு.